நீர்க்குழியிலிருந்து நீர்க்குழிக்கு: மேற்கு ஆஸ்திரேலியப் பொன்வயல்களில் வழி அறிந்தவர்கள்

1896ஆம் ஆண்டின் குளிர்காலம். மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டி நகரிலிருந்து பொன் தேடிப் புறப்பட்ட ஒரு சிறு குழு, வடகிழக்கே நெடுந்தொலைவு சென்ற பின் நீரின்றித் தவித்தது. குழுவில் ஐந்து பேர், ஒன்பது ஒட்டகங்கள். தலைவர் டேவிட் கார்னெகி, ஸ்காட்லாந்துப் பிரபு ஒருவரின் மகன். அவரிடம் திசைகாட்டி இருந்தது. அட்சரேகை காணும் கருவி இருந்தது. தாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதும் ஏறத்தாழத் தெரிந்திருந்தது. அடுத்த நீர் எங்கே என்பது மட்டும் தெரியவில்லை. அந்நிலத்தின் பூர்வகுடி மனிதர் ஒருவரைக் குழுவினர் பிடித்துக் கட்டினர். அவர் இட்டுச்சென்ற இடத்தில் தரையில் ஒரு துளை இருந்தது. அதனுள் இறங்கினால் ஒரு குகை. குகையின் ஆழத்தில் நீர். கார்னெகி அதற்கு விக்டோரியா அரசியை நினைந்து ‘எம்பிரஸ் ஊற்று’ எனப் பெயரிட்டார். இன்றும் வரைபடங்களில் அப்பெயரே காணப்படுகிறது. வழி காட்டியவரின் பெயர் வரைபடத்தில் இல்லை. அந்நீருக்கு அவர் மொழியில் இருந்திருக்கக்கூடிய பெயரும் இல்லை.

கனிமம் தேடிச் சென்றோர் அறியாத நிலத்தில் எவ்வாறு வழி கண்டனர் என்ற கேள்விக்குப் பொதுவாகக் கருவிகளின் வரலாறே விடையாகத் தரப்படுகிறது. திசைகாட்டி, காலமானி, விண்மீன், வரைபடம் என்ற வரிசை அது. மேற்கு ஆஸ்திரேலியப் பொன்வயல்களின் ஆவணங்களை ஊன்றிப் படிப்போர்க்கு வேறொரு வரலாறு புலப்படும். அங்கே திசை அறிவது எளிது. வழி அறிவதுதான் கடினம். வழி என்பது ஒரு நீரிலிருந்து அடுத்த நீருக்குள்ள தொடர்பு. அத்தொடர்பு சில மொழிகளின் சொற்களிலும் இடப்பெயர்களிலும் சேமிக்கப்பட்டிருந்தது. அம்மொழிகளைப் பேசியவர்களிடமிருந்து அவ்வறிவு பெறப்பட்ட விதமே இங்கு ஆராயத்தக்கது.

முதலில் நிலத்தைப் பற்றி. ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் ‘புஷ்’ எனப்படுவதைத் தமிழில் புதர் என்றோ வனம் என்றோ பெயர்த்தால் பொருள் திரியும். மரமடர்ந்த வனமும் அதனுள் அடங்கும், மரமற்ற வறண்ட வெளியும் அடங்கும்; ஊருக்கு அப்பாற்பட்டது எதுவோ அதுவே புஷ். கரிசல்காடு, மேட்டுக்காடு, முட்காடு என்று வானம் பார்த்த நிலத்தையும் ‘காடு’ என்றே வழங்கும் தமிழ்ப் பேச்சுவழக்கு இதற்கு மிக நெருக்கமானது. கூல்கார்டியைச் சுற்றியுள்ள காடு பெரும்பாலும் சமதளம். யூகலிப்டஸ் மரங்கள் இடைவெளிவிட்டு நிற்கும். அவற்றுக்கப்பால் வேலமர இனத்தைச் சேர்ந்த முல்கா. இன்னும் வடகிழக்கே சென்றால் ஸ்பினிஃபெக்ஸ் என்னும் முட்புல் போர்த்த மணல்வரப்புகள், கடலலைபோல் ஒன்றன்பின் ஒன்றாக. ஓடும் ஆறு இல்லை. ஏரிகள் உண்டு, ஆனால் அவை உப்புப் படுகைகள். ஒரு மரத்தைப் போலவே மறு மரம். ஒரு வரப்பைப் போலவே மறு வரப்பு. அடையாளம் வைத்துக்கொண்டு திரும்பி வரலாம் என்று எண்ணுவோர்க்கு அடையாளமாகத்தக்க எதுவும் கிடைக்காத வெளி அது.

பொன் தேடும் தொழிலும் வழி தவறுவதற்கு உகந்தது. பயணி தலை நிமிர்ந்து தொடுவானத்தைப் பார்த்து நடப்பவர். பொன் தேடுபவரோ தலை குனிந்து தரையைப் பார்த்து நடப்பவர். வெண்கற் சிதறல் ஒன்று கண்ணிற்படும். அது எந்தப் பாறையிலிருந்து உதிர்ந்தது என அறிய மேட்டை நோக்கிச் செல்ல வேண்டும். அங்கிருந்து இன்னொரு சிதறல், மற்றொரு சரிவு. இவ்வாறு பலமுறை திரும்பிய பின், கூடாரம் எப்பக்கம் என்ற ஐயம் எழும்போது கதிரவன் உச்சியில் நிற்பான். நீரின்மை தொழில்முறையையே மாற்றிவிட்டது. பிற நாடுகளில் ஆற்று மணலை நீரில் அலசிப் பொன்னைப் பிரிப்பர். இங்கே மண்ணை ஒரு தட்டிலிருந்து மற்றொரு தட்டுக்குக் காற்றில் சரித்துப் பிரித்தனர். களத்தில் நெல் தூற்றக் கண்டவர்க்கு இம்முறை உடனே விளங்கும்: பதருக்குப் பதில் புழுதி பறக்கும், மணிக்குப் பதில் பொற்துகள் தங்கும்.

1888இல் தாமஸ் ரைஸ்லி, மைக்கேல் டூமி ஆகியோர் பொன் கண்ட இடத்திற்கு ‘சதர்ன் கிராஸ்’ என்று பெயர் அமைந்தது. தென்வானில் சிலுவை வடிவில் தோன்றும் விண்மீன் கூட்டத்தின் பெயர் அது. இரவில் அதையே துணையாகக் கொண்டு அவர்கள் நடந்தனர் என்று மரபாகச் சொல்லப்படுகிறது. பின்னர் எழுந்த அவ்வூரின் தெருக்களுக்கும் விண்மீன்களின் பெயர்களே இடப்பட்டன. தலைமைத் தெருவின் பெயர் அன்டாரெஸ், அதாவது கேட்டை. ஒரு நகரமே வழிகாணும் கருவியின் நினைவுச்சின்னமாக அமைந்திருப்பது அரிது. ஆயினும் விண்மீனால் ஆவது என்ன? சிலுவையின் நெடிய அச்சை ஏறத்தாழ நாலரை மடங்கு நீட்டினால் தென்துருவப் புள்ளி கிடைக்கும்; அங்கிருந்து தொடுவானத்திற்கு இறக்கிய நேர்கோடு தெற்கைக் காட்டும். அவ்வளவே. தெற்கே நீர் உண்டா என்பதை வானம் சொல்லாது.

திசைகாட்டியின் நிலை இன்னும் வேடிக்கையானது. அப்பகுதியின் பொன், பசும்பாறை வளையங்கள் எனப்படும் தொன்மையான எரிமலைப் பாறைத் தொகுதிகளில் கிடைப்பது. அவற்றோடு காந்தத் தன்மையுள்ள இரும்புக்கல் பட்டைகளும் பல இடங்களில் கலந்திருக்கும். அத்தகைய பட்டையின் அருகே திசைகாட்டியின் முள் பிறழும். பொன் கிடைக்கும் என்ற நம்பிக்கை மிகும் இடத்திலேயே கருவியின் மீதான நம்பிக்கை குறைய வேண்டியிருந்தது.

1892 செப்டம்பரில் ஆர்தர் பெய்லி கூல்கார்டியிலிருந்து 554 அவுன்ஸ் பொன்னுடன் சதர்ன் கிராஸுக்குக் குதிரையில் வந்து சேர்ந்தார். அவரும் வில்லியம் ஃபோர்டும் கண்ட அப்பொன்னின் செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் கிழக்கே விரைந்தனர். அவர்கள் நடந்த பாதை புதியதன்று. 1864 முதல் 1866 வரை சார்லஸ் ஹன்ட் என்பவர் யார்க் நகரிலிருந்து கிழக்கு நோக்கி வெட்டிய தடத்தின் கிணறுகளே அவர்களுக்கு உயிர்காத்தன. ஹன்ட் மேய்ச்சல் நிலம் தேடிச் சென்றவர்; பொன்னைப் பற்றி அறியாதவர். அவர் கிணறு தோண்டிய இடங்கள் பெரும்பாலும் கிரானைட் குன்றுகளின் அடிவாரங்கள். மொட்டைப் பாறையில் பெய்யும் மழை முழுதும் வழிந்து அடிவாரத்து மணலில் ஊறி நிற்கும். பாறையின் மேலே இயற்கையாக அமைந்த குழிகளிலும் தேங்கும். இவ்வுண்மையை ஹன்ட் கண்டுபிடிக்கவில்லை. அப்பாறைகளைத் தொடர்ந்து வாழ்ந்த மக்கள், குழிகளின் வாயைக் கல்லாலும் தழையாலும் மூடி, வெயிலும் விலங்கும் நீரைக் குடித்துவிடாதவாறு தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தனர். ஹன்ட்டின் தடம், அவர்களின் நீர்த்தொடரைக் கல்கட்டி உறுதிப்படுத்திய வடிவமே.

அப்பாறைக் குழிகளுக்கு ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் மொழியியலார்க்குச் சுவையானது. எழுத்தில் ‘க்’ ஒலியையும் ‘ந்’ ஒலியையும் அடுத்தடுத்து எழுதுவர். சொல்லும்போது ‘நம்மா’ என்பர். மூலச்சொல் தென்மேற்கின் நியுங்கர் மொழிக்குரியது. அதன் முதலெழுத்து மெல்லண்ண மூக்கொலி, அதாவது தமிழின் ங. ஆஸ்திரேலிய மொழிகளில் இவ்வொலி சொல்லின் தொடக்கத்தில் தாராளமாக வரும். ஆங்கிலத்தில் அது சொல்முதலில் வராது. தமிழிலும் எழுத்து உண்டே தவிர, சொல்முதலில் ஏறத்தாழ இடமில்லை. குடியேறியோர் செவி அவ்வொலியைப் பிடிக்க இயலாமல் எழுத்தில் ஒரு தடுமாற்றத்தைப் பதித்தது. நாளடைவில் தடுமாற்றமே சொல்லாயிற்று. பொருளைப் பொறுத்தவரை தமிழர்க்கு இடர்ப்பாடு இல்லை. நம்மிடம் ‘சுனை’ என்ற சொல் உண்டு.

கால்கூர்லியின் கதையும் இத்தகையதே. 1893 ஜூனில் பேடி ஹன்னன், தாமஸ் ஃப்ளானகன், டேனியல் ஷே என்ற மூவர், வேறோர் இடத்துப் பொன் வதந்தியைத் தொடர்ந்து செல்லும் வழியில் தங்கிய இடத்தில் பொன் கண்டனர். அங்கு எழுந்த நகரம் சிலகாலம் ஹன்னனின் பெயரால் வழங்கிற்று. பிறகு நிலைத்த பெயர் வாங்கத்தா மொழியின் ‘கார்ல்குர்லா’ என்பதன் மரூஉ. உண்ணத்தகுந்த காய் தரும் ஒரு கொடி மிகுந்த இடம் என்பது பொருள். நம்மூர் எருக்கின் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி அது. வந்தவர் பொன்னைக் கண்ட இடத்தில் இருந்தவர் உணவைக் கண்டிருந்தனர். இடப்பெயர்கள் பெரும்பாலும் இவ்வாறே அமைந்தன: அங்கே என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்ற செய்தியைச் சுமந்தன. பெயரின் ஒலி நகரத்தின் பலகையில் நிலைத்தது, செய்தி உதிர்ந்தது.

கார்னெகிக்கு மீளலாம். 1892இல் அவர் ஆஸ்திரேலியா வருமுன் இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் சிலகாலம் இருந்தார். அவ்வாழ்க்கை சலிக்க, நண்பர் பெர்சி டக்ளஸ் பிரபுவுடன் பொன் தேடக் கப்பலேறினார். கூல்கார்டிக்கும் வடக்கே கிம்பர்லி பகுதிக்கும் இடையிலான பெருவெளியில் பொன்விளையும் பாறை உண்டா, கால்நடை ஓட்டிச்செல்ல வழி உண்டா எனக் காண்பதே 1896 பயணத்தின் நோக்கம். ஜூலை மாதம் புறப்பட்ட குழு டிசம்பரில் ஹால்ஸ் கிரீக்கை அடைந்தது. மறுஆண்டு வேறு வழியில் திரும்பியது. பொன்னும் இல்லை, வழியும் இல்லை என்பதே முடிவு. ஹால்ஸ் கிரீக்கை நெருங்கும் வேளையில் சார்லஸ் ஸ்டான்ஸ்மோர் தம் துப்பாக்கியே தவறுதலாக வெடித்து மாண்டார்.

அக்குழுவில் வாரி என்ற பதின்ம வயதுப் பூர்வகுடி இளைஞர் ஒருவர் இருந்தார். மத்திய ஆஸ்திரேலியாவின் மக்டானல் மலைத்தொடரைச் சேர்ந்தவர்; தடம் பார்ப்பதில் வல்லவர். மணலில் பதிந்த காலடியைக் கொண்டு சென்றவர் யார், எப்போது சென்றார் என அறியும் திறன் எங்கும் எடுத்துச் செல்லத்தக்கது. ஆனால் வாரிக்கும் அப்பாலைவனத்தின் நீர்நிலைகள் தெரியா. ஐரோப்பியர் ‘பூர்வகுடியின் உள்ளுணர்வு’ என்று மொத்தமாகக் குறிப்பிட்ட ஒன்று உண்மையில் இரண்டு வேறு அறிவுகள். தடம் அறிவது ஒரு கலை. இடம் அறிவது ஒரு கல்வி. பின்னது அந்தந்த நிலத்தில் பிறந்து, அதன் பெயர்களையும் கதைகளையும் பாடல்களையும் கற்றோர்க்கே உரியது. இவ்வேறுபாட்டைக் கார்னெகி வெளிப்படையாகச் சொல்லவில்லை. எனினும் அவர் செயல் அதனை ஒப்புக்கொள்கிறது. வாரி உடனிருந்தும் அவர் அந்நிலத்து மனிதரைத் தேடிப் பிடித்தார்.

பிடித்த முறையை அவரே 1898இல் வெளியான தம் நூலில் மறைக்காமல் எழுதினார். தொலைவில் வேட்டைப் புகை தெரிந்தால் அதை நோக்கிச் செல்வது. அங்கிருப்போரில் ஒருவரைத் துரத்திப் பிடிப்பது. இரவில் தப்பாதவாறு கட்டிவைப்பது. உப்பிட்ட மாட்டிறைச்சியை உண்ணக் கொடுத்து நீர் தராதிருப்பது. விடாய் முற்றியதும் அவர் நீரை நோக்கி நடப்பார், குழு பின்தொடரும். உயிர் பிழைக்க வேறு வழியில்லை, எவரையும் நிரந்தரமாகத் துன்புறுத்தவில்லை, விடுவிக்கும்போது பரிசுகள் கொடுத்தோம் என்பவை அவர் தரப்பு நியாயங்கள். அவர் காலத்திலேயே இது கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அவரைத் தனியொரு கொடியவராகச் சித்திரிப்பது எளிது. பிறர் செய்து மறைத்ததை அவர் எழுதினார் என்ற வேறுபாட்டையும் வரலாற்றாசிரியர் கருத வேண்டும்.

நீர் கிடைத்த பின் நேர்ந்ததும் கவனிக்கத்தக்கது. அப்பாலைவனத்தின் ஊற்றுக்குழிகள் பல, ஒரு குடும்பம் சில நாள் தங்குவதற்குப் போதுமான நீரையே கசியவிடுபவை. விடாய்த்த ஒட்டகம் ஒன்று ஒரே வேளையில் நூறு லிட்டர் அளவுக்குக் குடிக்கக்கூடியது; வந்தவை ஒன்பது. குழுவினர் இரவெல்லாம் மண்வெட்டியால் குழியை அகழ்ந்து, இறைக்கக்கூடியதை இறைத்தனர். காட்டிக்கொடுத்தவர், தம் சுற்றத்தார் அடுத்துக் குடிக்கவிருந்த நீரையே காட்டிக்கொடுத்தவர் ஆனார். உப்பிறைச்சி தந்த விடாயைக் காட்டிலும் நீடித்த தண்டனை அது.

இருதரப்பும் பேசிக்கொள்ளப் பொதுமொழி ஏதும் இல்லை. பொன்வயல்களில் நீருக்கு வழங்கிய சொல் ‘கபி’. மேலைப் பாலைவன மொழிகளில் நீரைக் குறிக்கும் பொதுச்சொல். பிடித்தவரிடம் அந்த ஒரு சொல்லே மூலதனம். பிடிபட்டவரின் மொழியிலோ நீர் ஒரு பொருளாக மட்டும் பகுக்கப்படவில்லை. பிட்ஜன்ஜாராவில் பாறைச் சுனைக்குத் தனிச்சொல் ‘ஜுகுலா’. வடக்கே பெருமணற் பாலையின் வால்மஜாரி மொழியில் மழைக்குப் பின் சிலகாலம் மட்டும் நீர் தரும் ஊற்றுக்குழி ‘ஜுமு’. என்றும் வற்றாத ஊற்று ‘ஜிலா’. ஜிலாவில் நாக வடிவினனான ஓர் உயிர் உறைகிறான். அவனே மழையைத் தருபவன். அந்நியர் முறைப்படி அறிவித்த பின்னரே அணுக வேண்டும். ‘நீர் எங்கே’ என்ற ஒற்றைக் கேள்விக்கு அம்மனிதர் எந்த நீரைக் காட்டுவது? தம் குடும்பத்திற்கு மட்டும் போதுமான சுனையையா, எளிதில் எவர்க்கும் காட்டத்தகாத ஜிலாவையா? பயணக் குறிப்புகளில் ‘வழிகாட்டி ஏமாற்றினான்’, ‘வறண்ட குழிக்கே அழைத்துச் சென்றான்’ என்ற வகைக் குறைகள் திரும்பத் திரும்ப வருவதைப் படிக்கையில் இக்கேள்வி எழாமல் இராது. சிறியதையும் வறண்டதையும் காட்டி, பெரியதை மறைத்தோர் பலர் இருந்திருக்கக்கூடும். அவ்வாறாயின் அது அறியாமை ஆகாது, தேர்ந்த வழிநடத்தல்.

கருவியை மட்டும் நம்பியோர்க்கு நேர்ந்ததை அதே ஆண்டின் மற்றொரு பயணம் காட்டுகிறது. கால்வெர்ட் ஆய்வுப்பயணம் என வழங்கும் அதன் தலைவர் லாரன்ஸ் வெல்ஸ், பயிற்சி பெற்ற நில அளவையாளர். 1896 அக்டோபரில் ஒரு கிணற்றருகே குழு இரண்டாகப் பிரிந்தது. வெல்ஸின் உறவினர் சார்லஸ் வெல்ஸும் இளைஞர் ஜார்ஜ் ஜோன்ஸும் வேறு திசையில் ஆராய்ந்துவிட்டு, வடக்கே ஜோன்னா ஊற்றில் வந்து சேர்வதாக ஏற்பாடு. அவ்வூற்று 1873இல் வார்பர்ட்டன் என்பவர் கண்டு வரைபடத்தில் குறித்தது. வெல்ஸ் குறித்த இடத்திற்கு வந்தபோது ஊற்றைக் காணவில்லை. வார்பர்ட்டனின் தீர்க்கரேகை ஏறத்தாழ 15 மைல் பிழைபட்டிருந்தது என்பது பின்னரே தெரிந்தது.

இப்பிழையின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். புவி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழலும்; ஒரு நிமிடத்தில் கால் பாகை. அந்த அட்சரேகையில் கால் பாகை என்பது சுமார் 26 கிலோமீட்டர். ஆகவே கையிலுள்ள காலமானி ஒரே ஒரு நிமிடம் பிசகினாலும் ஊற்று 26 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். மாதக்கணக்கில் ஒட்டகத்தின் முதுகில் குலுங்கிய கடிகாரத்திற்கு ஒரு நிமிடப் பிசகு பெரிதன்று. மணல்வரப்புகளுக்கிடையே கிடக்கும் ஒரு சிறு ஊற்றுக்கோ, இரண்டு வரப்புகளுக்கு அப்பால் நின்றாலே கண்ணுக்குப் புலப்படாது. லாரன்ஸ் வெல்ஸ் சுமைகளைக் கைவிட்டு ஃபிட்ஸ்ராய் ஆற்றை அடைந்து உயிர் தப்பினார். சார்லஸும் ஜோன்ஸும் விடாயால் மாண்டனர். 1897 மே மாதம் உடல்களும் ஜோன்ஸின் நாட்குறிப்பும் கிடைத்தன. அவற்றைக் கண்டுபிடிக்கவும், பிடித்துக் கொணரப்பட்ட பூர்வகுடி மனிதரின் துணையே தேவைப்பட்டது.

அப்பயணத்தின் ஒட்டகங்களைக் காத்தவர் பெஜா தர்வேஷ். பலூசிஸ்தானில் பிறந்து, பிரிட்டிஷ் இந்தியப் படையில் காந்தகாரிலும் கராச்சியிலும் பணியாற்றியவர்; 1890 அளவில் ஆஸ்திரேலியா சென்றார். அங்கே இவர்கள் அனைவர்க்கும் ‘ஆப்கானியர்’ என்ற ஒரே முத்திரை. பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப், பெஷாவர் என வெவ்வேறு நிலத்தினரும் வெவ்வேறு மொழியினரும் அதில் அடங்கினர். கராச்சித் துறைமுகத்திலிருந்து 1865-66இல் தாமஸ் எல்டர் ஒட்டகங்களோடு வரவழைத்த முப்பத்தொரு பேர் கொண்ட குழுவே பெருவாரியான வருகையின் தொடக்கம். பொன்வயல்களின் உணவும் கருவியும் அஞ்சலும் இவர்களின் ஒட்டகங்கள்மீதே சென்றன. இந்தியக் குடியேற்ற வரலாறு எழுதுவோர் கரும்புத் தோட்டங்களையும் தேயிலைத் தோட்டங்களையும் பேசுமளவுக்கு இவர்களைப் பேசுவதில்லை. கடும் வறட்சியிலும் ஒட்டகங்களைக் காத்துக் குழுவை மீட்ட பெஜாவின் பெயரை வெல்ஸ் ஒரு குன்றுக்கு இட்டார். தம் திசைகாட்டியையும் அவருக்குப் பரிசளித்தார். அதே மேற்கு ஆஸ்திரேலியாவில், ‘ஆசிய, ஆப்பிரிக்க அந்நியர்’ பொன் அகழ உரிமம் பெறுவதைச் சட்டம் தடுத்தது. பொன்னுக்குச் செல்லும் வழியில் சுமை ஏற்றிச் செல்லலாம், பொன்னைத் தொடக்கூடாது. பெஜா பின்னர் தெற்கு ஆஸ்திரேலியாவின் மரீ என்ற ஊரில் குடியமர்ந்து 1957 வரை வாழ்ந்தார். 1939இல் செசில் மடிகன் சிம்ப்சன் பாலைவனத்தைக் கடந்தபோது ஒட்டகங்களுடன் சென்றோருள் அவர் மகன் ஜாக் ஒருவர்.

கார்னெகி ‘வழி இல்லை’ என்று முடித்த வெளியில் பத்தாண்டுகளுக்குள் அரசே வழி அமைத்தது. 1906-07இல் ஆல்ஃபிரட் கானிங், வைலுனாவுக்கும் ஹால்ஸ் கிரீக்குக்கும் இடையே கால்நடைத் தடத்திற்கு நில அளவை செய்தார். இம்முறை உப்பிறைச்சியோடு நில்லாமல் சங்கிலியும் பயன்பட்டது. குழுவின் சமையற்காரர் எட்வர்ட் பிளேக் இதனை வெளிப்படுத்தி முறையிட, 1908இல் அரச ஆணையம் அமைந்தது. சங்கிலி பயன்பட்டதை மறுப்பதற்கில்லை. இருந்தும் கானிங் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். 1910க்குள் ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர் தடத்தில் 51 கிணறுகள் தோண்டப்பட்டன. அவற்றுள் பல, பழைய நீர்நிலைகளின் மீதோ அருகிலோ அமைந்தவை. இப்போது அவற்றுக்குப் பெயருக்குப் பதில் எண். உருளையும் வாளியும் கொண்டு கால்நடைக்கு இறைப்பதற்கென அமைந்த கிணறுகளில், கையால் மொண்டு குடித்துப் பழகியோர் நீர் எடுப்பது அரிதாயிற்று. கிணறுகள் சில சேதப்படுத்தப்பட்டன. 1911இல் 37ஆம் கிணற்றருகே கால்நடை ஓட்டிவந்தோர் கொல்லப்பட்டனர். தண்டிக்கச் சென்ற காவற்படை பூர்வகுடி மக்களைச் சுட்டது.

பாலைவன மக்கள் வழி அறியும் முறையை அறிவியல் நோக்கில் ஆராய முற்பட்டவர்களுள் டேவிட் லூயிஸ் குறிப்பிடத்தக்கவர். பசிபிக் தீவினரின் கடற்பயணக் கலையை ஆராய்ந்து புகழ்பெற்ற அவர், 1970களில் மேலைப் பாலைவனத்தில் பூர்வகுடி முதியோருடன் பயணம் செய்தார். மாலுமிகளைப்போல் இவர்களும் விண்மீனை நம்புவர் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. அவர்கள் மனத்தில் நிலத்தின் ஒரு படிமம் இடையறாது இயங்கியது. கடந்த நேரம், தொலைவு, திசை ஆகியவற்றுக்கேற்ப அது புதுப்பிக்கப்பட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் மீண்டும் சீரமைக்கப்பட்டது. ஆகவே எந்தக் கணத்திலும் புறப்பட்ட இடமும் சேர வேண்டிய இடமும் எத்திசையில் என்று சுட்ட அவர்களால் இயன்றது. தொல்முன்னோர் நடந்து நடந்து நிலத்தை ஆக்கிய கதைகளின் தடங்கள் அப்படிமத்தின் எலும்புக்கூடாக அமைந்திருந்தன.

இதில் மாயம் ஏதுமில்லை என்பதை மொழியியல் பின்னர் தெளிவாக்கிற்று. இடம் வலம் என்னாமல் வடக்கு தெற்கு என்றே அன்றாடம் பேசும் மொழிகள் ஆஸ்திரேலியாவில் பல. வடகிழக்கின் கூகு யிமிதிர் மொழியை முன்வைத்து ஜான் ஹேவிலாண்டும் ஸ்டீபன் லெவின்சனும் செய்த ஆய்வுகள் பரவலாக அறியப்பட்டவை. வாய் திறக்கும்போதெல்லாம் திசை குறிக்க வேண்டுமெனில் மனம் எப்போதும் திசையைக் கணித்துக்கொண்டே இருக்கும். இதற்குத் தமிழ்ச் சான்றும் உண்டு. எரிக் பெடர்சன் 1990களில் தமிழ் பேசுவோரிடையே நடத்திய ஆய்வில், நகரத்தார் இடம் வலம் என்று விளக்கிய பொருளமைப்பை நாட்டுப்புறத்தார் வடக்கு தெற்கு என்று விளக்கினர். ‘கிழக்கால தள்ளி வை’ என்று சொல்லும் பாட்டியர் இன்றும் உளர். கிழக்கு என்பதில் கீழும் மேற்கு என்பதில் மேலும் இருப்பதைக் கால்டுவெல் சுட்டினார்: மேற்கே மலை உயர்ந்து கிழக்கே கடலை நோக்கித் தாழும் ஒரு நிலத்தின் சரிவு, திசைச்சொல்லாக உறைந்தது. நிலத்தைச் சொல்லில் சேமிப்பது எங்கோ தொலைவிலுள்ள மக்களின் விந்தை வழக்கமன்று.

நீர்நிலைகளின் பெயர்கள் முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. பெருமணற் பாலையின் வால்மஜாரி, வாங்கஜுங்கா, மங்காலா, ஜுவாலின் மக்கள் தம் நிலவுரிமையை நிறுவ 1990களில் வழக்காடினர். நீதிமன்ற மொழியான ஆங்கிலத்தில் தம் நிலத்தை விளக்குவதில் அவர்களுக்கு இடர்ப்பாடு இருந்தது. 1997 மே மாதம், பிர்னினி என்ற இடத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஓவியர்கள் சேர்ந்து, எட்டு மீட்டர் அகலமும் பத்து மீட்டர் நீளமும் உள்ள துணியில் தங்கள் நிலத்தைத் தீட்டினர். அதில் முதன்மை பெற்றவை ஜிலாக்கள். நிலவுரிமைத் தீர்ப்பாயத்தினர் அங்கே வந்தபோது துணி தரையில் விரிக்கப்பட்டது. ஒவ்வொருவரும் தாம் தீட்டிய பகுதிமீது, தம் நீரின்மீது, ஏறி நின்று, தம் மொழியிலேயே சான்று கூறினர். கூட்டாட்சி நீதிமன்றத்தின் தீர்ப்பு வரப் பத்தாண்டுகள் ஆயின. 2007 நவம்பரில் நீதிமன்றம் அதே பிர்னினியில் கூடி அவர்கள் உரிமையை ஏற்றது. அதற்குள், துணியின்மீது நின்று சான்று கூறிய முதியோருள் சிலர் இறந்துவிட்டிருந்தனர்.